இறங்காமல் எண்ணிய பாறை

எடின்பரோ வேவர்லி நிலையத்திலிருந்து நார்த் பெரிக் போக அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். ட்ரெம் என்ற சின்ன நிலையம் தாண்டியதும் ரயில் கடற்கரையை நோக்கித் திரும்புகிறது. வலப்புறம் ஒரு குன்று, அதன் உச்சியில் ஒரு வளைவு. திமிங்கலத்தின் தாடை எலும்பு என்று கையேட்டில் போட்டிருந்தது. பழைய எலும்பு உளுத்துப்போய், 2008 முதல் அங்கே நிற்பது கண்ணாடியிழையில் செய்த நகல் என்பது அதற்கு அடுத்த வரியில் இருந்தது. எலும்பு போனாலும் அடையாளம் போகக்கூடாது என்று நினைக்கிற ஊர். எனக்கு அது பிடித்திருந்தது.

உடன் வந்தவன் என் அக்கா மகன். எடின்பரோவில் மென்பொருள் வேலை. பறவை என்றால் அவனுக்குக் காக்கா, புறா, பிரியாணியில் கோழி. ஊரிலிருந்து வந்த சித்தியை எங்காவது கூட்டிப்போக வேண்டிய கடமைக்காக வந்தான். நிலையத்திலிருந்து இறங்கிக் கடலோரத் தெருவுக்கு வந்ததும் அவனே முதலில் நின்றான்.

"சித்தி, அங்க பாருங்க. அது என்ன, சுண்ணாம்புப் பாறையா?"

கிழக்கே கடலில் தனியாக ஒரு பாறை. உச்சியும் தோள்களும் வெள்ளை வெளேர் என்று இருந்தன. அது சுண்ணாம்பு இல்லை. 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அணைந்துபோன எரிமலையின் தொண்டையில் உறைந்து நின்ற கறுப்புக் கல். மேலே தெரியும் வெள்ளை முழுவதும் பறவைகளும் அவற்றின் எச்சமும். பாஸ் பாறை என்று பெயர். உயரம் 107 மீட்டர், பரப்பு நம் கணக்கில் ஏழு ஏக்கருக்கு மேல் வராது. அந்த ஏழு ஏக்கரில்தான் வட அட்லாண்டிக் கேனட் என்ற கடற்பறவையின் உலகிலேயே மிகப் பெரிய குடியிருப்பு இருக்கிறது. கேனட்டின் அறிவியல் பெயரிலேயே இந்தப் பாறையின் பெயர் உண்டு: மோரஸ் பாசானஸ்.

மனிதர்கள் இந்தப் பாறையை விட்டுவைக்கவில்லை. துறவி ஒருவர் இருந்ததாகச் சொல்கிறார்கள், கோட்டை கட்டினார்கள், 17-ஆம் நூற்றாண்டில் அரசரின் மத ஆணைக்கு அடங்காத போதகர்களை அடைக்கும் சிறையாக வைத்திருந்தார்கள். ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் 'கேட்ரியோனா' நாவலில் தன் நாயகனை இங்கேதான் சிறை வைக்கிறார். அவருடைய உறவினரான டேவிட் ஸ்டீவன்சன் 1902-இல் கலங்கரை விளக்கம் கட்டினார். 1988-இல் விளக்கு தானியங்கியானதும் கடைசிக் காவலர்களும் கிளம்பினார்கள். இத்தனை நூற்றாண்டும் வந்தவர்களில் பெரும்பாலோர் கேனட் குஞ்சுகளைப் பிடித்துத் தின்றார்கள், விற்றார்கள், கொழுப்பை உருக்கினார்கள், இறகைத் தலையணையில் அடைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில்தான் அது ஓய்ந்தது.

துறைமுகத்தின் முனையில் ஸ்காட்டிஷ் சீபேர்ட் சென்டர் இருக்கிறது. 2000-இல் திறந்தது. நான் இங்கே வந்ததற்கு உண்மையான காரணம் பாறையைவிட இந்தக் கட்டடம்தான். பாஸ் பாறையிலும் பக்கத்துத் தீவுகளிலும் கேமராக்களைப் பொருத்தி, படத்தை ரேடியோ அலை வழியாகக் கரைக்கு அனுப்பி, வருகிறவர்கள் கையிலேயே அதன் கட்டுப்பாட்டைக் கொடுத்துவிட்டார்கள். திரைக்கு முன்னால் ஒரு குச்சிப்பிடி. இடப்பக்கம் சாய்த்தால் கடலுக்கு நடுவே இருக்கும் கேமரா இடப்பக்கம் திரும்புகிறது.

எனக்கு முன்னால் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் கேமராவைச் சுழற்றி வானத்தையே காட்டிக்கொண்டிருந்தான். அவன் போனதும் நான் மெல்ல இறக்கி ஒரு கூட்டுக்கு நேரே கொண்டுவந்து பெரிதாக்கினேன். கண்ணாடியின் ஓரத்தில் காய்ந்த எச்சம் ஒரு கோடாக ஒட்டியிருந்தது. அதற்கு அப்பால் தாய்ப் பறவை. தலையில் இளமஞ்சள் பூச்சு, ஈட்டி போன்ற சாம்பல் அலகு. அதன் காலடியில் வெள்ளைப் பஞ்சுக் குஞ்சு. பஞ்சுக்குள்ளிருந்து கறுப்புச் சிறகுகள் முளைக்கத் தொடங்கியிருந்தன. குஞ்சு வாயைத் திறந்தது. தாய் அலகை அகல விரித்தது. குஞ்சின் தலை முழுவதும் தாயின் தொண்டைக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரம் அப்படியே. வெளியே வந்தபோது குஞ்சின் முகமெல்லாம் பிசுபிசுப்பு. ஐந்து கிலோமீட்டர் தொலைவில் அவற்றின் வீட்டுக்குள் நான் எட்டிப் பார்த்தது அவற்றுக்குத் தெரியவே தெரியாது.

"பிக் பாஸ் மாதிரி இருக்கு," என்றான் அக்கா மகன்.

சிரித்தேன். ஆனால் இந்தக் கேமராக்கள் காட்டிய எல்லாமே வேடிக்கையாக இருக்கவில்லை. 2022 ஜூன் தொடக்கத்தில் பறவைகள் செத்து விழ ஆரம்பித்தன. எச்5என்1 பறவைக் காய்ச்சல். கோழிப் பண்ணையோடு சேர்த்தே நாம் கேள்விப்படும் அந்த நோய், பக்கத்துப் பறவையின் மூச்சுக்காற்று படும் அளவுக்கு நெருங்கி வாழும் கேனட் கூட்டத்துக்குள் புகுந்தது. கேனட் கூடுகளின் வரிசை கல்யாணப் பந்தியில் இலை போட்டதுபோல் இருக்கும். பக்கத்துக் கூட்டுக்காரரின் அலகு எட்டாத தூரம் மட்டும் இடைவெளி. அதற்கு மேல் ஒரு விரற்கடை வீணாக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நோய் பரவ என்ன தடை?

ஜூலை முதல் தேதியிலிருந்து ஸ்காட்லாந்தின் பல தீவுகளில் மனிதர்கள் இறங்குவது நிறுத்தப்பட்டது. காலணியில் ஒட்டிய எச்சம் அடுத்த தீவுக்கு நோயைக் கொண்டுபோகக்கூடும் அல்லவா? ஆக, எத்தனை செத்தன என்று தெரிந்தே ஆகவேண்டிய நேரத்தில், போய்ப் பார்க்கக் கூடாத நிலை. அதற்கு முந்தின நாள், ஜூன் 30 அன்று, எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ட்ரோன் ஒன்று பாறைக்கு மேலே பறந்து படம் எடுத்திருந்தது.

ட்ரோனால் எண்ணுவது என்றால் ஏதோ பொத்தானை அழுத்தினால் எண்ணிக்கை விழுகிற சமாச்சாரம் என்றே நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பறவைகள் கலைந்து எழாத உயரத்தில், நேர்க்கோடுகளாக ட்ரோன் போய்ப் போய்த் திரும்புகிறது. ஒரு படம் அடுத்த படத்தின் பெரும்பகுதியை மூடும்படி வரிசையாக எடுக்கிறது. பிறகு கணினி அவற்றைத் தைத்து, பாறை முழுவதையும் நேர் மேலிருந்து பார்த்த ஒரே பெரும்படமாக்குகிறது. அதைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள வெள்ளைப் புள்ளிகளை ஆள் உட்கார்ந்து எண்ணுகிறார். ஒரு கூட்டில் ஒன்று இருந்தாலும் இணையாக இரண்டு இருந்தாலும் ஓர் இடம் என்றுதான் கணக்கு.

அந்த ஜூன் படத்தில் கண்ணால் எண்ணியபோது உயிருள்ளவை 21,277. செத்துக் கிடந்தவை 5,035. கடலில் விழுந்தவையும் அலை கொண்டுபோனவையும் இதில் வராது. ஆராய்ச்சியாளர்களின் கணிப்பில், பறவை அமர்ந்திருந்த இடங்கள் குறைந்தபட்சம் 71 சதவீதம் சரிந்திருந்தன. மறு ஆண்டு ஜூனில் மீண்டும் ட்ரோன் பறந்தபோது செத்த பறவைகள் வெறும் 23. பறவை அமர்ந்த இடங்கள் 51,844 என்று எண்ணினார்கள்.

இனி நான் சொல்லப்போவதைத்தான் இந்தப் பயணம் முழுக்க மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். 51,844 என்பது நிறையவா, குறைவா? இதற்கு முந்தைய முழு எண்ணிக்கை 2014-இல் எடுத்தது: 75,259. சிறு விமானத்திலிருந்து படம் பிடித்து எண்ணியது. அதோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான சரிவு. ஆனால் 2014-க்கும் நோய் வந்த 2022-க்கும் நடுவே எட்டு ஆண்டுகள். அந்தக் காலத்தில் கூட்டம் 80,000-ஐத் தாண்டியதா, அப்படியே நின்றதா? விமானம் வைத்து எண்ணுவது செலவு. பத்தாண்டுக்கு ஒரு தடவை எண்ணினாலே பெரிய விஷயமாக இருந்த காலம் அது. செத்தது எத்தனை என்று துல்லியமாகச் சொல்ல, சாவதற்கு முந்தின கோடையிலேயே யாராவது எண்ணியிருக்க வேண்டும். ட்ரோனின் பெருமை அதன் கேமராவில் இல்லை. மலிவாகவும் பாறையில் கால் வைக்காமலும் ஆண்டுதோறும் எண்ண வழி செய்கிறது பாருங்கள், அதில் இருக்கிறது.

அக்கா மகன் இப்போது கொஞ்சம் விழித்துக்கொண்டான். "ஏன் சித்தி ஆள் வெச்சு எண்ணணும்? மாடல் ஒண்ணு ட்ரெயின் பண்ணினா போதுமே."

அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். எடின்பரோ ஆய்வாளர்களே இந்த 2022 படங்களை வைத்து, கேனட்டைத் தானே கண்டுபிடிக்கும்படி ஒரு நரம்பியல் வலைப்பின்னலைப் பழக்கினார்கள். உயிருள்ளது எது, செத்தது எது என்று அது பிரிக்க வேண்டும். அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்கவும் முதலில் ஆள் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான பறவைகளைச் சுற்றிக் கட்டம் போட வேண்டியிருக்கிறது. உயிருள்ள கேனட் மேலிருந்து பார்த்தால் ஏறக்குறைய ஒரே வடிவம். செத்தது அப்படியா? சிறகு விரிந்து கிடக்கும், கழுத்து மடங்கியிருக்கும், பாதி சேற்றில் அமுங்கியிருக்கும். "ஓ, எட்ஜ் கேஸ்," என்றான் அவன். அவன் பாஷையில் அது ஓர் அனுதாபச் சொல் என்று எடுத்துக்கொண்டேன்.

படகு மதியத்துக்குப் பிறகுதான். அலை சுமார். முதலில் க்ரெய்க்லீத் தீவை ஒட்டிப் போனோம். இங்கேதான் தொலைவிலிருந்து பார்க்கும் தொழில்நுட்பம் கை விரிக்கும் இடம் இருக்கிறது. இந்தத் தீவின் செல்லப் பறவை பஃபின். வண்ண அலகுக்காகச் சுற்றுலா அட்டைகளில் எல்லாம் இருக்குமே, அதுதான். பஃபின் மண்ணுக்குள் வளை தோண்டிக் குடியிருக்கிறது. ட்ரோன் மேலே எத்தனை சுற்றுச் சுற்றினாலும் தெரிவது ஓட்டை மட்டும். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று தெரியாது. அதற்கு மண்டியிட்டு, வளைக்குள் தோள் வரை கையை விட்டுத்தான் பார்க்க வேண்டும், கடி விழும். போதாக்குறைக்கு இந்தத் தீவில் மரமல்லோ என்ற ஆளுயரச் செடி காடாக மண்டி வளைகளை அடைத்துவிட்டது. 2007 முதல் தன்னார்வலர்கள் படகில் வந்து வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இதை எந்தக் கேமராவும் செய்து தராது.

பாஸ் பாறையை நெருங்கும் முன்பே நாற்றம் வந்து சேர்ந்தது. மீனும் அம்மோனியாவும். அக்கா மகன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். பிறகு சத்தம்: கரகரத்த ஒரே சொல்லை ஆயிரக்கணக்கான தொண்டைகள் விடாமல் சொல்வது. திரையில் பார்த்தபோது இந்த இரண்டும் இல்லை. தலைக்கு மேலே வானம் முழுக்க வெள்ளைச் சிறகுகள். ஆறு அடி அகலம் ஒவ்வொன்றும், முனை மட்டும் மையில் தோய்த்தது போன்ற கறுப்பு. பாறையிலிருந்து சற்றுத் தள்ளிச் சில பறவைகள் இரை தேடிக்கொண்டிருந்தன. முப்பது மீட்டர் உயரத்திலிருந்துகூடப் பாயும். நீரைத் தொடும் கணத்தில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகம் என்கிறார்கள். கடைசி நொடியில் சிறகைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. தண்ணீர் எழுந்து அடங்குகிறது.

படகில் வழிகாட்டியாக வந்த பெண் தொலைநோக்கியை நீட்டி, "கண்ணைப் பாருங்கள்," என்றார். கேனட்டின் கண்மணியைச் சுற்றி வெளிர்நீல வளையம் உண்டு. அதைச் சுற்றி இன்னொரு நீலக் கோடு. 2022 கோடையில், நோயிலிருந்து பிழைத்த பறவைகள் சிலவற்றுக்கு அந்த வளையம் கறுத்துப்போயிருந்ததை இங்கே கவனித்தார்கள். முழுக் கறுப்பு, அல்லது நீலத்தில் திட்டுத்திட்டாகக் கறுப்பு. ஆரோக்கியமாகத் தெரிந்த பறவைகளைப் பிடித்து இரத்தம் சோதித்தபோது, நோய்க்கான எதிர்ப்பொருள் இருந்தவற்றில் ஒன்றைத் தவிர மற்றெல்லாமே கறுத்த கண் உடையவை. எந்தப் பறவை நோயைத் தாண்டி வந்தது என்று தூர நின்றே சொல்ல ஓர் அடையாளம் கிடைத்தது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒருவர் பறவையின் முகத்துக்கு நேரே பார்த்திருக்க வேண்டும். மேலிருந்து படம் எடுக்கும் ட்ரோனுக்குக் கண் தெரியாது.

நான் பார்த்த பறவைகளில் ஒன்றுக்குக் கண் கறுப்பாக இருந்ததாகவே பட்டது. படகு ஆடியதில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இடிந்த தேவாலயச் சுவர் பாறையின் சரிவில் தெரிந்தது. 1960-களின் தொடக்கத்தில் பிரையன் நெல்சன் என்ற பறவை ஆய்வாளரும் அவர் மனைவி ஜூனும் அந்தச் சுவர்களுக்குள் தோட்டக் குடில் ஒன்றை நிறுத்தி, கேனட்டுகளுக்கு நடுவே பருவம் பருவமாக வாழ்ந்தார்கள். மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை. கேனட் எப்படி இணை சேர்கிறது, எப்படிச் சண்டை போடுகிறது, கால் சவ்வை முட்டையின் மேல் போர்த்தி எப்படி அடைகாக்கிறது என்று இன்று பாடநூலில் இருக்கும் பலவும் அந்தக் குடிலில் எழுதிய குறிப்பேடுகளிலிருந்து வந்தவை. புதுமணத் தம்பதி இங்கே குடித்தனம் நடத்தினார்கள் என்பதை அந்த நாற்றத்துக்கு நடுவே நின்று யோசித்தால்தான் முழுதாக விளங்குகிறது. இன்று ட்ரோன் படத்தில் ஒரு பறவை கூட்டில் இருக்கிறதா, சும்மா ஓய்வெடுக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடிவது, அப்படி அருகே இருந்து பார்த்தவர்கள் சொல்லிவைத்ததால்தான்.

பறவை பாறையில் இருக்கும்போது கேமரா பார்க்கிறது. கடலுக்குப் போய்விட்டால்? அதற்கு ஜிபிஎஸ். நீண்ட கழியின் முனையில் சுருக்கு மாட்டிப் பறவையைப் பிடித்து, வால் இறகில் சிறு கருவியை நாடாவால் ஒட்டி விடுகிறார்கள். லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் கீத் ஹேமர் குழு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதைச் செய்கிறது. குஞ்சுக்கு ஒரு வேளை இரை தேட இந்தப் பாறையின் கேனட் 500 கிலோமீட்டருக்கு அப்பாலும் போவது அப்படித்தான் தெரிந்தது. சென்னையிலிருந்து மதுரைக்குப் போய் மீன் வாங்கி வருவதற்கும் மேல். பிரிட்டிஷ் தீவுகளைச் சுற்றி 12 குடியிருப்புகளில் கருவி கட்டிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: பக்கத்துக் குடியிருப்புகளின் பறவைகள் ஒன்றின் கடலில் ஒன்று பெரும்பாலும் இரை தேடுவதில்லை. யாரும் வேலி போடவில்லை, யாரும் யாரையும் விரட்டவும் இல்லை. 2013-இல் 'சயின்ஸ்' இதழில் இது வந்தது.

அப்படி எல்லை மாறாத பறவைகள் 2022 கோடையில் மட்டும் மாறின. கருவி கட்டிய பாஸ் பாறைப் பறவைகள் தம் பாறையை விட்டு நெடுந்தொலைவு போய் வேறு குடியிருப்புகளை எட்டிப் பார்த்தன. முந்தைய ஆண்டுகளில் வளர்ந்த பறவைகள் அப்படிச் செய்ததில்லை. இணை செத்துப்போன பறவை இடம் தேடியதா, வெறிச்சோடிய பாறை துரத்தியதா, யார் கண்டது? ஆனால் போன இடத்துக்கு நோயையும் சுமந்து போயிருக்கக்கூடும் என்பதால் அந்தக் கோடுகள் வரைபடத்தில் அவ்வளவு அழகாகத் தெரிவதில்லை.

படகு திரும்பும்போது வடகிழக்கே கடல்விளிம்பில் காற்றாலைகள் தெரிந்தன. நியார்ட் நா கீஹா காற்றாலைப் பண்ணை, 54 கோபுரங்கள். அதற்கும் அப்பால் வரவிருக்கும் பெரிக் பேங்க் பண்ணைக்கு நான் போவதற்குச் சில நாள் முன்புதான், 2025 ஜூலை கடைசியில், ஸ்காட்லாந்து அரசு அனுமதி கொடுத்திருந்தது. 307 கோபுரங்கள் வரை வரலாம். பறவைப் பாதுகாப்பு அமைப்புகள் கடுமையாக எதிர்த்த திட்டம். பறவைகளை யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள் என்பது அந்தக் கோடையில் படகுக்காரர்கள்கூட விவாதிக்கும் பேச்சாகிவிட்டது. வழிகாட்டியிடம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். "பறவைக்குப் புவி சூடாவதும் கெடுதல், மோதுவதும் கெடுதல்," என்று சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுருட்டப் போனார்.

துறைமுகத்தில் மீன் வறுவல் கடை வரிசையில் நின்றபோது அக்கா மகன் விடவில்லை. அவன் வீட்டு மின்சாரம் காற்றாலையிலிருந்து வருகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவன்.

"காத்தாடி வேணாம்னா கரண்ட் எங்கேர்ந்து சித்தி வரும்?"

"வேணாம்னு நான் சொல்லலையே. எங்கே, எவ்வளவு உயரத்திலன்னு கேக்கறேன்."

இந்தப் பாறையின் பறவைகளுக்கு உயரமானியும் சேர்த்துக் கட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று சொன்னேன். 2015-இல் வெளிவந்த ஆய்வு அது. சும்மா போய் வரும்போது கேனட் சுமார் 12 மீட்டர் உயரத்தில் பறக்கிறது. இரை தேடும்போது 27 மீட்டருக்கு ஏறிவிடுகிறது. காற்றாடி இறக்கை சுழலும் உயரத்துக்குள் அது வருவது அப்போதுதான். அதற்கு முன்பு கரையிலும் கப்பலிலும் நின்று கண்ணால் மதித்த உயரங்களை வைத்துப் போட்ட மோதல் கணக்குகள் ரொம்பக் குறைவு என்று அப்போது தெரியவந்தது.

"அப்போ இறக்கையோட கீழ் முனைய இன்னும் மேல தூக்கிட்டா?"

"அப்படியும் யோசிக்கறாங்க. கோபுரம் உயர்ந்தா செலவு உயரும்."

"எத்தனை மீட்டர் தூக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே கைப்பேசியை எடுத்தான். எங்கள் முறை வந்துவிட்டது. கடைக்காரர் உப்பும் வினிகரும் போடவா என்று கேட்டார். அவன் தலையாட்டிவிட்டு, ஆய்வுக் கட்டுரையின் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.